முகவரி: கடல்

விக்டர் பர்னாந்து குடிபெயர்ந்துவிட்டார் என்ற செய்தியை முதலில் வாசித்தவர் விக்டர் பர்னாந்துதான்.

இடம்: சவேரியார் புதுத்தெரு நடுநிலைப் பள்ளியின் வெளிச்சுவர். நேரம்: சனிக்கிழமை மாலை நாலே கால். வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு, கையில் உப்பு காயும் முன்பே வந்து நின்றிருந்தார். சுவரில் நீளமாக ஒரு பட்டியல். வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள். வரிசை எண் 47. பர்னாந்து, விக்டர். ஆண். வயது 54. காரணம்: நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார். புதிய முகவரி: கடல்.

ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். மூன்றாம் தடவை விரலை வைத்து வாசித்தார். விரல் ஈரத்தில் ‘கடல்’ லேசாகக் கலங்கியது. ஆனால் அழியவில்லை.

“அண்ணாச்சி, உங்க கண்ணாடியக் கொஞ்சம் தாங்க.”

தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கண்ணாடியைத் தரவில்லை. தானே மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“கடல்னுதான் போட்டுருக்கு. நாப்பத்தெட்டு, செல்வின், கடல். நாப்பத்தொம்பது, கடல். அம்பது, கடல்...” அண்ணாச்சி பட்டியலின் அடிவரை போய், குனிந்து, நிமிர்ந்தார். “முந்நூத்திப் பன்னெண்டு பேரு, விக்டரு. ஊர்ல உள்ள ஆம்பளை அத்தன பேரும் வீட்ட மாத்திருக்கிய. பக்கத்துல கடை வச்சிருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“எனக்கே இப்பதான தெரியும்.”

நடந்தது இதுதான். பட்டியலைச் சரிபார்க்க அந்தத் தெருவுக்கு அனுப்பப்பட்டவர் அனுசியா, அங்கன்வாடிப் பணியாளர். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். மிளகாயும் பருத்தியும் விளையும் கரிசல் பூமி. கையில் அரசாங்கம் கொடுத்த டேப்லெட். அதில் உள்ள செயலி காலை பத்திலிருந்து பகல் ஒன்று வரைக்கும்தான் திறக்கும். அவள் வந்தது திங்கள், புதன், வெள்ளி. மூன்று நாளும் பதினோரு மணிக்கு அனுசியா கதவைத் தட்டினாள். மூன்று நாளும் விக்டரின் மனைவி இசபெல்லா கதவைத் திறந்து, உண்மையைச் சொன்னாள்.

“கடலுக்குப் போயிருக்காவ.”

விடியற்காலை நாலு மணிக்கு வள்ளம் இறக்கி, மாலை நாலு மணிக்குக் கரையேறுகிற தெருவில் பதினோரு மணிக்கு வேறு என்ன பதில் கிடைக்கும்? ஆனால் செயலிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ‘நபர் இல்லை’ என்று தொட்டதும் மூன்று கட்டங்களைக் காட்டியது. இறப்பு. இரட்டைப் பதிவு. குடிபெயர்வு. ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது.

“செத்துட்டாங்கன்னு போட எனக்கு மனசு வரலக்கா,” என்று பிற்பாடு இசபெல்லாவிடம் அழாத குறையாகச் சொன்னாள் அனுசியா. “மூணுல இதுதான் கொஞ்சம் நல்லதா இருந்துச்சு. தொட்டேன். உடனே ‘எங்கே?’ன்னு கேட்டுச்சு. வெறுமனே விட்டா செவப்பாயிடுது. நீங்க சொன்னதத்தான் போட்டேன்.”

இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை.

*

புதுத்தெருவில் இப்போது இரண்டு வரிசை வீடுகள். முன்பு நான்கு இருந்தன. மற்ற இரண்டையும் கடல் எடுத்துக்கொண்டது. விக்டரின் வீடு மூன்றாம் வரிசையாக இருந்து, இரண்டாம் வரிசையாகி, போன வருஷம் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. அடுப்படிச் சுவருக்கும் அலைக்கும் நடுவே பதினான்கு அடி. இசபெல்லா பழைய சேலைக் கிழிசலை ஒரு கம்பில் கட்டி மணலில் நட்டிருந்தாள். தண்ணீர் கம்பைத் தொட்டால் பிடுங்கி, வீட்டுப் பக்கமாகத் தள்ளி நடுவாள். இனித் தள்ளி நட அதிக இடமில்லை.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலுக்குள் கருங்கல்லை அடுக்கி வளைவாகக் கட்டுகிற தூண்டில் வளைவு. ஐந்து தேர்தலாக வாக்குறுதியாக இருக்கிறது. இந்தத் தடவை இரண்டு கட்சிக்காரர்களும் பொறியாளர் சகிதம் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். அறுநூற்று நாற்பத்தொரு ஓட்டு, ஒரே தெருவில், ஒரே வாக்குச்சாவடியில். போன முறை தொகுதியில் ஜெயித்த வித்தியாசமே ஐந்நூற்றுச் சொச்சம். அதனால் அளந்தார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டைக் கழித்தால் முந்நூற்று இருபத்தொன்பது. நானூறுக்குக் கீழே போனால் தெருவுக்கு வாக்குச்சாவடி கிடையாது. உப்பளத்தைத் தாண்டி ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் நாடாவை எடுத்துக்கொண்டு எவன் வரப்போகிறான்?

“பேரு போனா போவுதுன்னு கெடக்காதிய,” என்றாள் இசபெல்லா. “அந்தக் கம்ப நடுத எனக்குத்தான் தெரியும், எத்தன அடி மிச்சம்னு. போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க.”

விக்டர் போனார். ஒரு நாள் கடலை விட்டுவிட்டுப் போனார்.

*

‘வாக்காளர் வசிப்பிட மெய்ப்பிப்புச் சிறப்பு மையம்’ ஒரு கல்யாண மண்டபத்தில் இயங்கியது. ‘மணமக்களை வாழ்த்த வருகை தரும் அனைவரையும்’ என்ற பலகையை எடுக்க யாருக்கும் உத்தரவு வரவில்லை போலிருக்கிறது. மணமேடையில், சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலியில், விசாரணை அதிகாரி சம்பத்குமார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மணப்பெண் நாற்காலியில் கோப்புகள். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் நான்கு பேனா. நல்ல மனிதர். யாரையும் அதட்டமாட்டார். கடைசிவரை அதட்டவே இல்லை.

“என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?”

விக்டர் வாக்காளர் அட்டையை எடுத்து வைத்தார்.

“இது வாக்காளர் அட்டை.”

“ஆமாங்கய்யா.”

“நீங்க வாக்காளர்தானா இல்லையான்னு பார்க்கத்தானே இந்த விசாரணையே? அதுக்கு வாக்காளர் அட்டையையே கொண்டுவந்தா எப்படி? பரீட்சையில கேள்வித்தாளையே மடிச்சு விடைன்னு கொடுத்தா வாங்கிக்குவாங்களா?”

விக்டர் ரேஷன் கார்டை வைத்தார்.

“இது நீங்க அரிசி வாங்குறீங்கன்னு காட்டுது. நல்ல விஷயம். ஆனா வாங்குறது வேற, வசிக்கிறது வேற.”

பங்குச் சாமியாரிடம் வாங்கி வந்த ஞானஸ்நானச் சான்றை வைத்தார்.

“நீங்க பொறக்கலைன்னு நாங்க எங்கயாவது சொல்லியிருக்கோமா?”

விக்டரின் பிளாஸ்டிக் பையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மீனவர் அடையாள அட்டை. புகைப்படம், கைரேகை, வள்ளத்தின் எண் எல்லாம் உள்ளது. அதைப் பார்த்ததும் சம்பத்குமாரின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை நாற்காலிக்குப் பொருத்தமான மலர்ச்சி.

“இதை முதல்லயே காட்டியிருக்கலாமே! கடலுக்குப் போறவர்னு அரசாங்கமே கைரேகை எடுத்துக் கொடுத்த கார்டு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அப்ப சரியாப் போச்சாய்யா?”

“சரியாப் போச்சு. உங்க புதிய முகவரிக்கு ஆதாரம் இல்லாம இருந்தது. இதைச் சேர்த்துடறோம்.”

விக்டர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ஐயா, நான் கடல்ல குடியிருக்கல. வேலைக்குப் போறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன். ஞாயித்துக்கெழம கடலுக்கே போவமாட்டோம், எங்க ஊர்ல யாரும் போவமாட்டாவ, பூசைக்குப் போயிட்டு முழு நாளும் வீட்லதான் கெடப்போம். ஞாயித்துக்கெழம வந்து பாருங்க.”

“ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு.”

“உங்களுக்கும் லீவு, எங்களுக்கும் லீவு. அப்பதானய்யா ஆளப் பாக்க முடியும்?”

சம்பத்குமார் பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்பவும் மூடினார். “சட்டத்துல ‘வழக்கமாக வசிப்பவர்’னு ஒரு சொல் இருக்கு. அதுல ரொம்ப ஆழமான அர்த்தம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டில இருக்கிறது வசிப்பு கிடையாது, விக்டர். அது ஓய்வு.”

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுவிசாரணை என்று சீட்டு கொடுத்தார்கள். விக்டர் போனார். இன்னொரு நாள் கடல் போயிற்று. அதே வியாழன், அதே பதினோரு மணிக்கு, அவர் வீட்டில் இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவர மையம் அனுசியாவை அனுப்பியிருந்தது. இசபெல்லா கதவைத் திறந்தாள்.

“ஒங்க ஆபீசுக்குத்தான் போயிருக்காவ.”

செயலியில் ‘எங்கள் அலுவலகம்’ என்று ஒரு கட்டம் கிடையாது. மண்டபத்தில் விக்டர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சம்பத்குமாரின் மேசைக் கணினியில் ஒரு மணி அடித்தது. அவர் வாசித்துவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“நாலாவது தடவையும் நீங்க வீட்டில இல்லையாமே, விக்டர்.”

*

இதற்குள் வேறொரு சங்கதி நடந்துவிட்டது. மையத்தின் கணினி, போலி வாக்காளர்களைப் பிடிப்பதில் கெட்டி. ஒரே முகவரியில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் மஞ்சள் கொடி காட்டும். ஐம்பதுக்கு மேல் போனால் சிவப்பு. ‘கடல்’ என்ற ஒரே முகவரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேருக்கும் பர்னாந்து, கோமஸ், மச்சாது என்று ஏழெட்டுக் குடும்பப் பெயர்கள்தான் என்று கண்டதும் அதற்கு எந்த நிறம் காட்டுவதென்றே தெரியவில்லை. மாநிலத் தலைமையகம் வரைக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது.

சம்பத்குமார் பள்ளிக்கூடத்தில் விளக்கக் கூட்டம் போட்டார். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. வந்தவர்கள் பெண்கள், மூன்று ஆடுகள், விக்டர், செந்தூர்பாண்டி அண்ணாச்சி. ஆண்களின் வருகை குறைவாக இருப்பதை அதிகாரி குறிப்பில் எழுதச் சொன்னார்.

“தாய்மார்களே,” என்று தொடங்கினார். “சிலர் இதைச் சிறுபான்மையினருக்கு எதிரானதுன்னு சொல்றதா என் காதுக்கு வந்தது. மனசு கஷ்டமாப் போச்சு. கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது. கோயில் எது, சர்ச்சு எது, பள்ளிவாசல் எதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு வீடு தெரியாது, ஆள் தெரியாது, உங்க தொழில் தெரியாது, நேரம் காலம் தெரியாது. எதுவுமே தெரியாத ஒண்ணு எப்படிப் பாரபட்சம் காட்ட முடியும்? அதனாலதான் முடிவெடுக்கிற பொறுப்பை முழுசா அதுகிட்டயே கொடுத்திருக்கோம். ஒரு தகுதியான வாக்காளர் பேர் கூட விட்டுப்போகக் கூடாது. அதுக்காகத்தான் முதல்ல எல்லார் பேரையும் எடுத்துட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா விசாரிக்கிறோம்.”

செந்தூர்பாண்டி அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

“எனக்கு ஒரு சந்தேகம் சார். இந்தம்மா மூணு நாளும் எங்க வீட்டுக்கும் வந்துச்சு. மூணு நாளும் நான் வீட்ல இல்ல. ‘கடைக்குப் போயிருக்காவ’ன்னுதான் எம் பொண்டாட்டியும் சொன்னா. எம் பேரு லிஸ்ட்ல அப்படியே இருக்கே?”

“இருக்கணுமே. நீங்க கடைக்குத்தானே போனீங்க?”

“இவரு கடலுக்குத்தான போனாரு?”

“கடைக்கு யாராவது குடிபோவாங்களா, அண்ணாச்சி?”

“கடலுக்குக் குடிபோவாங்களா?”

“அதைத்தான் விசாரிக்கிறோம்,” என்றார் சம்பத்குமார், பொறுமையாக.

இசபெல்லா எழுந்து நின்றாள். சேலை முந்தானையில் மணல். “சார், நாங்கதான ஒங்களுக்குப் பதில் சொன்னோம்? தப்புன்னா எங்க பதில மாத்திக்கிடுங்க. அவிய இங்கனதான் இருக்காவன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“அம்மா, நீங்க ஏற்கெனவே மூணு தடவை கடல்னு வாக்குமூலம் கொடுத்திருக்கீங்க. இப்ப மாத்திச் சொன்னா அது முரண்பாடு. முரண்பாடு வந்தா உங்க பேரையும் விசாரணையில சேர்க்க வேண்டியிருக்கும். அது வேண்டாமேன்னு பார்க்கறேன்.”

இசபெல்லா உட்கார்ந்தாள். அந்த வரிசையில் எழ நினைத்த இன்னும் நாலைந்து பெண்களும் எழவில்லை.

கூட்டத்தின் முடிவில் அதிகாரி அறிவித்தார். சர்ச்சைக்குரிய முகவரியை மையமே நேரில் போய்ப் பார்க்கும். ஸ்பாட் வெரிஃபிகேஷன்.

“எந்த முகவரிய?” என்றார் விக்டர்.

“கடலைத்தான்.”

*

போவதற்கு விக்டரின் வள்ளத்தையே கேட்டார்கள். தேதி, நேரம் போட்டு, ‘பொதுநலன் கருதி’ என்று முத்திரை வைத்த கடிதம் வந்தது. சம்பத்குமார், டேப்லெட்டோடு அனுசியா, பொதுமக்கள் தரப்புச் சாட்சியாகச் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. மூவருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. எஞ்சின் பக்கம் விக்டர்.

அனுசியா வள்ளத்தின் நடுக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “எங்க ஊர்ல கண்மாயே நெறஞ்சு நாலு வருசம் ஆச்சுண்ணே,” என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. “எனக்கு இந்த டூட்டிய ஏன் போட்டாங்கன்னு தெரியல.”

மூன்று கடல் மைல் போனதும் துறைமுகத்துக் கிரேன்கள் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்தன. வாடை தொடங்காத காலம். அலை சாதுவாகத்தான் இருந்தது. ஆனாலும் சம்பத்குமார் காலையில் சாப்பிட்ட பொங்கலை மேற்படி முகவரியில் ஒப்படைத்துவிட்டார். விக்டர் அவருடைய முதுகைத் தடவிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“இங்கன நிறுத்தவாய்யா?”

“நிறுத்துங்க.” வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் படிவத்தை எடுத்தார். அந்தக் கடமையுணர்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. “அனுசியா, போட்டுக்கோ. கதவு எண்?”

அனுசியா கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். “இல்லை சார்.”

“மின் இணைப்பு?”

“இல்லை சார்.”

“குடிநீர் வசதி?”

“சார், இவ்ளோ தண்ணி...”

“குடிநீர்.”

“இல்லை சார்.”

“அண்டை வீட்டார்?”

இருநூறு அடி தள்ளி செல்வினின் வள்ளம் வலை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். பட்டியலில் வரிசை எண் 48.

“தம்பி, இவரை உங்களுக்குத் தெரியுமா?”

“விக்டர் மாமாவத் தெரியாதா?” என்றான் செல்வின், வலையை விடாமல்.

“இவரை இங்க அடிக்கடி பார்ப்பீங்களா?”

“தெனமும் பாப்பேன். ஏன் சார், என்ன விசயம்?”

“தினமும்,” என்று சம்பத்குமார் சொல்ல, அனுசியா பதிந்துகொண்டாள்.

“ஏலே, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லப்படாதா?” என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். “மனுசன் குடியே முழுகுது!”

“நான் என்ன அண்ணாச்சி சொல்லிட்டேன்?”

பிறகு விக்டரிடம் கேள்வி. எத்தனை மணிக்குக் கடலுக்கு வருவீர்கள்? நாலு. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? நாலு. ஆக, பன்னிரண்டு மணி நேரம். சாப்பாடு? காலையும் மதியமும் வள்ளத்தில். தூக்கம்? மதியம் வலை போட்டுவிட்டு அரை மணி சாய்வது உண்டு. கரைக்கு வந்ததும்? மீனை இறக்கி, ஏலம் போட்டு, வலையைத் தட்டி உலர்த்த ஆறு மணி ஆகிவிடும். அது எங்கே? கடற்கரையில். அதிகாரி ஒரு கணம் யோசித்தார். அலை வந்து போகிற இடம் என்பதால் கடற்கரையைக் கடல் கணக்கில் சேர்த்தார். கடல் பதினான்கு, வீடு பத்து.

“பெரும்பான்மை இங்கதான் வருது, விக்டர்,” என்றார் வருத்தமாக.

“ஆபீசுக்குப் போறவுக, பஸ் ஓட்டுறவுக எல்லாம் பகல் பூரா வெளியதான இருக்காவ, ஐயா?”

“அவங்க யாரும் இந்த ஃபைல்ல இல்லையே.”

அனுசியா டேப்லெட்டை உயர்த்திப் படம் பிடித்தாள். செயலி இடத்தைக் கண்டுபிடித்து, நீலத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது. சம்பத்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தெளிவாகச் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள்.

“முற்பகல் பத்து நாற்பதுக்கு மேற்படி முகவரியில் ஆய்வு செய்தபோது... விண்ணப்பதாரர் விக்டர் பர்னாந்து... நேரில் காணப்பட்டார்.”

விக்டர் எஞ்சின் பிடியை விட்டுத் திரும்பினார். “ஐயா, நாந்தான உங்களக் கூட்டிட்டு வந்தேன்?”

“அது போக்குவரத்து ஏற்பாடு. ஃபைல்ல வராது.”

“நான் வரலேன்னா நீங்க எப்படி வந்திருப்பிய?”

“நீங்க வரலேன்னா உங்களை இங்க பார்த்திருக்கவே மாட்டோம். உங்களுக்குச் சாதகமா முடிஞ்சிருக்கும்.” சம்பத்குமார் உண்மையாகவே அனுதாபப்பட்டார். “என்ன பண்றது, நீங்க ஒத்துழைச்சுட்டீங்க.”

செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு அதுவரை இருந்த பயம் தெளிந்துவிட்டது. “ஐயா, நீங்களும் இப்ப இங்கனதான இருக்கிய. அந்தப் பொண்ணு இருக்கு. நான் இருக்கேன். எங்க பேரையும் எழுதிக்கிடச் சொல்லுங்க.”

“நான் அலுவல் நிமித்தம் வந்திருக்கேன்.”

“அவனும் அலுவல் நிமித்தந்தான் வாரான். நாப்பது வருசமா.”

இதற்குப் பதிலாக சம்பத்குமார் மறுபடியும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார்.

*

உத்தரவு இரண்டு பக்கம். ‘விண்ணப்பதாரரின் குடிபெயர்வு நேரடி ஆய்வில் ஐயமற உறுதி செய்யப்பட்டது. அண்டை வசிப்பாளரின் சாட்சியமும் அவ்வாறே. எனவே சவேரியார் புதுத்தெரு முகவரியிலிருந்து நீக்கியது சரியே. அவருடைய வாக்குரிமை எவ்வகையிலும் பறிக்கப்படவில்லை. புதிய முகவரி எந்தத் தொகுதியில் அமைந்துள்ளதோ அந்தத் தொகுதியில் அவர் விண்ணப்பிக்கலாம்.’

“கடலு எந்தத் தொகுதில வருதுய்யா?” என்று மண்டபத்தில் போய்க் கேட்டார் விக்டர். அன்று முகூர்த்த நாள். மேடையில் நிஜ மாப்பிள்ளை இருந்தார். மையத்தை மாடிப்படிக்குக் கீழே மாற்றியிருந்தார்கள்.

“எதுலயும் வராது,” என்றார் சம்பத்குமார், நாதஸ்வரத்துக்கு மேல் குரலை உயர்த்தி. “ஆனா உங்க உரிமை பத்திரமா இருக்கு. தொகுதிதான் வரணும்.”

மற்ற முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் இதே இரண்டு பக்கம் வந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது. அவர்களுக்காகத் தனித்தனியே கடலுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று மையம் கருதியது. முகவரி ஒன்றுதானே.

தேர்தல் வந்தது. தெருவுக்கு யாரும் வரவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வழி தவறி முனை வரைக்கும் வந்து, செந்தூர்பாண்டி கடையில் சோடா குடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வாக்குச்சாவடி உப்பளத்துக்கு அந்தப் பக்கம். சித்திரை வெயிலில் உப்பளத்தில் ஏழு கிலோமீட்டர் நடக்க முடியாது. அதனால் ஆண்கள் வள்ளங்களை இறக்கினார்கள். கடல் வழியாகச் சுற்றிப் போனால் அரைமணி நேரம். பட்டியலில் இல்லாத ஆண்கள், பட்டியலில் உள்ள பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, கரையில் காத்திருந்தார்கள்.

இசபெல்லா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். விரலில் மை. விக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“ஏளா, அழிஞ்சிரப் போவுது. தண்ணில கைய வைக்காத.”

“அழியாதாம்,” என்றாள் அவள்.

*

வாடைக்காற்று தொடங்கிய மூன்றாம் நாள் கம்பைத் தள்ளி நட இடமில்லாமல் போயிற்று. நான்காம் நாள் கம்பு இல்லை. ஆறாம் நாள் அடுப்படி இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனு ஒப்புகைச் சீட்டோடு திரும்பியது. இரண்டு கட்சிக்காரர்களும் தொலைபேசியில் ரொம்ப வருத்தப்பட்டார்கள். முதல் வரிசைக் குடும்பங்கள் பாத்திரங்களோடு பள்ளிக்கூடத்தில் தங்கின. முன்பு வாக்குச்சாவடியாக இருந்த அறை விக்டர் குடும்பத்துக்குக் கிடைத்தது.

தை பிறந்ததும் அடுத்த வருஷத்துப் பட்டியல் சரிபார்ப்பு வந்தது. அனுசியாவும் வந்தாள். பதினோரு மணி. இந்தத் தடவை விக்டர் கடலுக்குப் போகவில்லை. மிச்சம் நின்ற முன்சுவரிலிருந்து கதவு நிலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு விக்டர் முகவரியில் இருந்தார். முகவரிதான் இல்லை.

அனுசியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். வீடு இருந்த இடத்தில் நின்றால்தான் செயலி திறக்கும். இசபெல்லாவும் கூட வந்தாள்.

“அண்ணே,” என்றாள் அனுசியா. “இப்ப முகவரி என்னன்னு போட?”

விக்டர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். பதிலை இசபெல்லாதான் சொன்னாள்.

“ஏற்கெனவே போட்டுருக்கல்லா? அதையே வச்சிக்கோ. மாத்தி எழுதுனா ஒனக்கும் சிரமம், எங்களுக்கும் சிரமம்.”

அனுசியா பழைய பதிவைத் திறந்து, தொட்டாள். சிவப்புக் கட்டம் வரவில்லை. ‘எங்கே?’ என்று கேட்கவில்லை. நீலத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது. கீழே பச்சையில் எழுத்து வந்தது. முகவரி பொருந்துகிறது.

விக்டர் எட்டிப் பார்த்தார். “பொருந்திட்டுதா?”

“பொருந்திருச்சுண்ணே.”

“அப்ப ஓட்டு உண்டுமா?”

அனுசியா திரையைப் பார்த்தாள். ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியிருந்தது. தொகுதி தேடப்படுகிறது, காத்திருக்கவும்.

ஒரு அலை வந்து கணுக்கால் வரை நனைத்துவிட்டுப் போயிற்று. அடுத்தது முழங்காலுக்கு வந்தது. டேப்லெட் நனையாமல் அனுசியா கையை உயர்த்திப் பிடித்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.